சிவப்பு அடிக்காத மூலை

“தேரா சரிவராது. சனம் கூடின இடம். சனம் கூடினால்—”

“சனம் கூடினால்தானே மாஸ்டர் பாதுகாப்பு! சனமில்லாத இடத்தில—”

“சனமில்லாத இடத்தில ஆர் களவெடுக்கிறது? களவெடுக்கவும் ஒரு ஆள் வேணுமே—”

“அந்த ஒரு ஆளைப் பற்றித்தானே நானும் தொண்டை கிழியக் கத்துறன்!”

“கத்தாதையுங்கோ அருமைராசா. இது கூட்டம்.”

“கூட்டமெண்டபடியாத்தான் கத்துறன். வீட்டில எண்டால் வாயே திறக்கமாட்டன்.”

பிலோமினம்மா பள்ளிக்கூடப் பிள்ளையைப்போலக் கையை உயர்த்தியபடி இருந்தார். கை உளைந்தபோது மற்றக் கையை உயர்த்தினார். அதையும் ஒருவரும் காணவில்லை. கடைசியில் தலைவர் கிருபானந்தன் தொண்டையைச் செருமினார்.

“என்ன பிலோமினக்கா?”

“தேராவில நிண்டால் தம்பிக்கு ஒரு பஸ்தான். அதுதான் கேட்டனான்.”

“தம்பிக்குக் கிட்டவோ தூரவோ எண்டது எங்கட விசயமில்லை அக்கா. நாங்கள் பாதுகாப்பு மட்டும்தான்.”

செயலாளர் சிவநேசம் மாஸ்டர் சிவப்புப் பேனையின் மூடியைப் பல்லால் கழற்றினார். சுவரில் ஒட்டியிருந்த டுபாய் நகரப் படத்தில் தேரா என்ற பகுதியைக் கரை பிசகாமல் சிவப்பாக்கினார். ஊரில் பூமிசாத்திரம் படிப்பித்தவர். நிறம் தீட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை.

மொன்றியல் வடக்குத் தமிழ் மூத்தோர் ஒன்றியத்தின் பயணப் பாதுகாப்பு உபகுழு என்பது இதுதான். கார்ட்டியர்வில்லில் ஒரு மாதா கோவிலின் கீழ்த்தள மண்டபத்தில் கூடும். முன்னொருக்கால் ஓர் அங்கத்தவர் பாங்கொக்கில் குடையைத் தொலைத்துவிட்டார் என்று விசாரிக்க அமைக்கப்பட்டது. குடை பிறகு அவருடைய பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதற்காக ஒரு குழுவைக் கலைத்துவிட முடியுமா?

கூட்டம் தொடங்கமுன் விளக்கேற்றல் உண்டு. கோவில்காரர் நெருப்புக் கொளுத்தவேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அது பற்றரி விளக்கு. அடியில் ஒரேயொரு பொத்தான். தலைவர் அமுக்கினால் எரியும். செயலாளர் அமுக்கினால் அணையும். ஆலோசகர் அருமைராசா அமுக்கினால் மறுபடி எரியும். நாலாவதாக ஒருவர் சேர்ந்தால் இருட்டுக்குள்தான் கூட்டம் என்பதால், உபகுழுவில் மூன்று பேருக்குமேல் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றி வைத்திருந்தார்கள்.

பிலோமினம்மா இந்த வாசலுக்கு வந்தது தம்பியைப் பார்க்கப் போவதற்காக.

தம்பி றெனோல்ட் டுபாயில் ஒரு லோண்டரியில் அயன் பிடிக்கிறவன். அக்காவும் தம்பியும் கடைசியாக ஒருவரையொருவர் நேரில் கண்டது மன்னாரில், படகடியில். அக்கா இந்தியாவுக்குப் போய் அங்கிருந்து மொன்றியலுக்கு வந்தார். தம்பி கொழும்புக்குப் போய் அங்கிருந்து வளைகுடாவுக்குப் போனான். கனடா விசா கேட்டான், இல்லை என்றுவிட்டார்கள். பிறகு கேட்கவில்லை. ஒரு கண் சீனி வருத்தத்தில் போய்விட்டது. மற்றதும் போகிற வழியில் நின்றது.

“அக்கா, டொக்குத்தர் சொல்லிப்போட்டார், இந்தக் கண் கோடை வரைக்கும் நிண்டால் பெரிய காரியமாம்.”

“என்னடா சும்மா சொல்லுறாய்!”

“சும்மா இல்லை. கண் தெரியேக்க உன்னை ஒருக்கா நேரில பாக்கோணும். போனில உன்ர மூக்கு மட்டும்தான் தெரியுது. உனக்கு இந்தக் கமரா பிடிக்கவே வராது.”

அது உண்மை. பிலோமினம்மா போனைப் பிடித்தால் ஒன்றில் மூக்கு, இல்லாவிட்டால் சீலிங்.

போவதென்று தீர்மானித்த அன்றே மகள் ஜென்சி குறுக்கே நின்றாள்.

“மம்மி, நெஞ்சுக்கு ஸ்டென்ட் வைச்ச ஆள் நீங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் பிளேன் ஏற விடமாட்டன். செ தூ, அவ்வளவுதான்.”

“வெளியில கேட்டால் நெஞ்சு எண்ட உடன போனை வைக்கினமே பிள்ளை.”

“உங்கட ஒன்றியத்துக்கு ஒரு குறூப் இன்சூரன்ஸ் இருக்கெல்லோ. அதில நெஞ்சும் எடுப்பினம். தலைவரிட்ட ஒரு கையெழுத்து மட்டும் வாங்குங்கோ. சிம்பிள்.”

அந்தச் சிம்பிளான கையெழுத்துக்காகப் பிலோமினம்மா வந்தபோது மரங்களில் இலை இருந்தது. இப்போது பனி.

தேரா சிவந்த மறுநாள் அவர் இன்சூரன்ஸ்காரருக்குத் தானே போன் எடுத்தார். அங்கே ஒரு பெண்பிள்ளை, நல்லகாலமாகச் சென்னைத் தமிழ்.

“எங்க தங்குறீங்கன்னு நாங்க கேக்கவே மாட்டோம்மா. உங்க அசோசியேஷன் கையெழுத்து இருந்தா போதும்.”

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் கிருபானந்தனுக்குக் குரல் தழுதழுத்தது.

“கண்டியளோ? அவை கேக்கிறேல்ல. உங்களில அவைக்கு அக்கறை இல்லை. அவை கேக்காதபடியாத்தான் அக்கா நாங்கள் கேக்கிறம்.”

“அப்ப என்ர தம்பியக் கேட்டுப் பாக்கலாமே? அவன் அங்க எவ்வளவு காலமா இருக்கிறான். மெட்ரோவுக்குப் பக்கத்தில சின்ன ஹோட்டலொண்டு இருக்காம். கீழ எங்கட ஆக்களின்ர சாப்பாட்டுக்கடை. பொழுதுபட்டாப் பிறகும் பெண்டுகள் பிள்ளையளோட நடந்து திரியினமாம்.”

“ஐயோ, அது பிழை,” என்றார் சிவநேசம் மாஸ்டர். “அங்க இருக்கிற ஆக்களைக் கேக்கவே கூடாது. அவை பழகிப்போன ஆக்கள். ஒரு இடத்தின்ர ஆபத்தைக் காண, அந்த இடத்தைக் காணாத ஆளின்ர கண் வேணும்.”

“அப்ப இஞ்ச ஆர் டுபாய் கண்டனீங்கள்?”

“நான் கண்டனான்,” என்றார் தலைவர் அடக்கத்தோடு. “பிளேன் மாற ஏழு மணித்தியாலம் நிண்டனான்.”

“வெளியில போனனீங்களோ?”

“என்னத்துக்கு அக்கா வெளியில போறது? வெளியில பாதுகாப்பில்லையெல்லோ.”

பிறகு ஆலோசகர் அருமைராசாவின் முறை. அவர் வன்னியிலிருந்து பன்னிரண்டு இடம் பெயர்ந்து வந்தவர். பாதுகாப்பு விசயத்தில் அவருடைய அனுபவத்தின்முன் புத்தகப் படிப்பு எடுபடாது என்பது உபகுழுவின் நிலைப்பாடு. அவர் எழுந்து நின்று விரல் மடக்கினார்.

“ஒரு இடத்தில தங்கலாமோ இல்லையோ எண்டு பாக்க மூண்டு விசயம். ஒண்டு, பங்கர் வெட்ட மண் இருக்கோ? ரெண்டு, ஓடுறதுக்கு ரெண்டு பக்கத்தாலயும் வழி இருக்கோ? மூண்டு, கோயில் கிட்டவோ? அக்கா, அந்த மெட்ரோவடி ஹோட்டல் எத்தினையாம் மாடி?”

“பதினாலாம்.”

“பதினாலாம் மாடியில எங்க வெட்டுறது?”

மாஸ்டர் பேனையைக் கழற்றினார். மெட்ரோவடி சிவந்தது. பர் டுபாய் சிவந்தது. மாடி இருக்கும் பகுதிகள் எல்லாவற்றையும் சிவப்பாக்கி வருகையில் படத்தில் மிஞ்சியது கொஞ்சம்தான்.

“இந்தக் கராமாவில ஒரு மூலையை விடலாம் போல கிடக்கு,” என்றார் தலைவர். “கிட்ட ஒரு கோயிலாவது இருக்கும்.”

“கோயிலடியில நானும் தம்பியும் இருந்தனாங்கள்தான்,” என்றார் பிலோமினம்மா. விலைப்பட்டியல் வாசிப்பதுபோன்ற குரல். “கோயிலெண்டால் அடிக்கமாட்டாங்கள் எண்டு எல்லாரும் அங்கதான் போனது. ஷெல் அங்கதான் விழுந்தது.”

அருமைராசா தன் செருப்பைப் பார்த்தார். பிறகு சிவநேசம் மாஸ்டர் மெதுவாக எழுந்து போனார்.

“கோயிலடியும் சிவப்பு,” என்று சொல்லித் தீட்டினார்.

அந்தக் கிழமை றெனோல்ட் போன் எடுத்தான்.

“என்னக்கா, கையெழுத்து வைச்சிட்டினமோ?”

“இன்னும் இல்லையடா. உன்ர கண் எப்பிடி?”

“ஒரு சேட்டை எரிச்சுப்போட்டன். வெள்ளைச் சேட்டு, வெள்ளை மேசை. எது சேட்டு எது மேசை எண்டு பிடிபடேல்ல. முதலாளி நல்லவன், அடுக்கிற வேலைக்கு மாத்திவிட்டிட்டான்.”

இந்த ஊர்க் குளிரில் விரல் விறைத்தால் அது நோகாது. வீட்டுக்கு வந்து வெந்நீரில் வைக்கும்போதுதான் உயிர் போகும். ஆகவே வைக்காமல் இருப்பது நல்லது என்று பிலோமினம்மா எப்போதோ பழகியிருந்தார். எழுந்து போய்ப் பருப்பை அடுப்பில் ஏற்றினார்.

மாசி மாதத்தில் உபகுழு ஒத்திகை ஒன்றை அறிவித்தது. டுபாய் வெயிலில், சனம் நிறைந்த தெருவில், கைப்பையோடு தனியே நடக்கும் ஒரு பெண் எவ்வளவு விழிப்பாக இருக்கிறாள் என்று பார்க்கவேண்டும். இடம், கோவிலுக்கு எதிர்த்தெரு. பிலோமினம்மா பெண்ணாகவும் அருமைராசா கள்ளனாகவும் நடிப்பது. மாஸ்டர் தெரு முனையில் நின்று குறிப்பெடுப்பது. அன்றைக்கு வெளியே மைனஸ் இருபது.

“தொப்பியைக் கழற்றுங்கோ அக்கா,” என்று கத்தினார் மாஸ்டர். “டுபாயில தொப்பி போடமாட்டியள்.”

“காது விழுந்துபோம் மாஸ்டர்!”

“உண்மை மாதிரிச் செய்தால்தான் உண்மை வெளியில வரும்!”

பிலோமினம்மா தொப்பியைக் கழற்றிவிட்டு நடந்தார். அருமைராசா முகத்தை மூடிய மப்ளரோடு பின்னால் வந்தார். கிட்ட வந்ததும் கள்ளன் குரலில், “அக்கா, குறை நினையாதையுங்கோ, இழுக்கப்போறன்,” என்று சொல்லிக் கைப்பையைப் பிடித்து இழுத்தார். இழுத்த இழுப்பில் கால் ஐஸில் வழுக்கியது. பையோடு மல்லாந்து விழுந்தார். எதிரே தெப்பனர் என்ற மூலைக்கடைக்குள் பால் வாங்கிக்கொண்டு நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவி கண்ணாடிக்குள்ளால் இதையெல்லாம் பார்த்துவிட்டாள்.

பொலிஸ் வந்தது. ஒரு இளம் பொலிஸ்காரி.

“பொன்ஜூர், மடாம். இந்த மனுசனை உங்களுக்குத் தெரியுமா?”

பிலோமினம்மா கார்தெரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை செய்தபோது குழந்தைகளிடமிருந்து பொறுக்கிய பிரெஞ்சில் பதில் சொன்னார்:

“தெரியும், மடாம். என்ர பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் இவர்தான்.”

பொலிஸ்காரி ஐஸில் கிடந்தவரைப் பார்த்தாள். தெரு முனையில் குறிப்பெடுத்துக்கொண்டு நின்றவரைப் பார்த்தாள். தொப்பியில்லாமல் நின்ற அம்மாவைப் பார்த்தாள். பிறகு அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அருமைராசாவின் மணிக்கட்டு முறிந்திருந்தது.

இதைப் பற்றிய அறிக்கையைச் சிவநேசம் மாஸ்டர் நின்றபடி வாசித்தார்.

“பட்டப்பகலில கைப்பை இழுக்கப்பட்டது உண்மை. எங்கட அங்கத்தவர் ஒருவருக்குக் கை முறிஞ்சது உண்மை. பொலிஸ் வந்தது உண்மை. ஆகவே, வேதனையோட சொல்லுறன், கார்ட்டியர்வில்லும் சிவப்பு.”

“மாஸ்டர், நாங்கள் எல்லாரும் இஞ்சதானே இருக்கிறம்?” என்றார் அருமைராசா, கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு.

“அதுக்காக நடந்ததை நடக்கேல்ல எண்டு எழுதேலாது.”

“அப்ப பிலோமினக்காவின்ர வீடு?”

“சிவப்புக்குள்ள. சிவப்புப் பகுதியில இருக்கிறவைக்கு ஆபத்து எது எண்டு விளங்காது. மரத்துப்போயிருக்கும். அப்பிடியான ஆளை நேரா வெளிநாட்டுக்கு அனுப்பினால் என்ன நடக்கும்?”

“நான் மரத்துப்போகேல்ல,” என்றார் பிலோமினம்மா.

“மரத்துப்போன ஆக்கள் எல்லாரும் அதைத்தான் அக்கா சொல்லுறவை.”

பிலோமினம்மாவுக்கு யோசித்துப் பார்க்கையில் மாஸ்டர் சொன்னவற்றுள் இது ஒன்றுதான் கொஞ்சம் உண்மைபோல இருந்தது.

தலைவர் கிருபானந்தன் பெருந்தன்மையோடு ஒரு வழி சொன்னார். மொன்றியல் தீவின் மேற்கு நுனியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் அவருடைய மகனுக்கு வீடு இருக்கிறது. தண்ணிக் கரை. அங்கே பிலோமினக்கா கொஞ்ச நாள் தங்கிப் பாதுகாப்பான பகுதியில் இருந்து பழகவேண்டும். உபகுழு அதற்கு முன்தங்கல் என்று பெயர் வைத்தது.

“போகாதையுங்கோ மம்மி, இது விசர்,” என்றாள் ஜென்சி.

“கையெழுத்து வேணுமே பிள்ளை.”

“அவைக்கு நான் ஒரு ஈமெயில் அனுப்புறன்.”

“அனுப்பாதை. ஈமெயிலுக்கு ஒரு உபகுழு போட்டிடுவினம்.”

பிலோமினம்மா போய் இருந்தார். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். தெருவில் ஒரு மனிதர் நடந்து அவர் காணவில்லை. பகல் முழுவதும் யன்னலால் உறைந்த தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். களவெடுக்க ஒருவரும் வரவில்லை. கதைக்கவும் வரவில்லை. இதுதான் பாதுகாப்பு என்றால், ஆள் செத்தபின் போகிற இடத்தைப் பற்றிச் சுவாமிமார் சொல்வதும் இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

றெனோல்ட் அங்கே போன் எடுத்தான்.

“எங்க அக்கா நிக்கிறாய்? பின்னால ஒரே வெள்ளையா இருக்கு.”

“அது பனி. நான் ஒரு பாதுகாப்பான இடத்தில நிக்கிறன்.”

“ஏன், வீட்டில ஏதும் பிரச்சினையோ?”

“இல்லை. உன்னைப் பாக்க வாறதுக்குத்தான்.”

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு சிரித்தான்.

“நீ வேளைக்கு வாவன். இப்ப பஸ் நம்பரும் தெரியேல்ல. பக்கத்தில நிக்கிற மலையாளப் பெடியனைக் கேட்டுத்தான் ஏறுறன். நல்ல பெடியன். கேக்க முதலே சொல்லுவான். நீ வாற அண்டைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு எயாப்போட்டுக்கு வருவன். ஆர் அக்கா எண்டு அவன் காட்டுவான், மிச்சத்தை நான் பாப்பன்.”

ஐஸ் உருகியது. உயிர்த்த ஞாயிறு வந்து போனது. ஒன்றியத்தின் ஆண்டுக் கூட்டத்தில்தான் முடிவு என்றார்கள்.

அன்றைக்கு மண்டபம் நிறைந்த சனம். வடையும் பற்றிஸும் மேசையில். சுவரில் டுபாய்ப் படம், சிவப்பு மையில் தோய்த்துக் காயப்போட்டதுபோலத் தொங்கியது. ஒரேயொரு மூலை வெள்ளையாக விடப்பட்டிருந்தது. பிரதம விருந்தினராக ஒரு வைத்தியரை அழைத்திருந்ததால் விளக்கில் சிக்கல் வந்தது. நாலு பேர் அமுக்கியதும் விளக்கு அணைந்தபடி நின்றது. சபை சலசலத்தது. “பிலோமினக்கா, ஓடி வாங்கோ, நீங்களும் ஒருக்கா அமுக்குங்கோ!” என்று மாஸ்டர் கூப்பிட்டார். அவர் போய் அமுக்கினார். எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

தலைவர் கிருபானந்தன் பேச எழுந்தார்.

“அன்பான சபையோரே! இந்த உபகுழு தொடங்கின நாளிலயிருந்து எங்கட அங்கத்தவர் ஒருத்தருக்கும் வெளிநாட்டில ஒரு துரும்பும் நடக்கேல்ல. இது எப்பிடி முடிஞ்சது எண்டு மற்றச் சங்கங்கள் எங்களைக் கேக்கினம். ரகசியமொண்டும் இல்லை. நாங்கள் ஒருத்தரையும் போக விடேல்ல.”

கைதட்டல்.

“ஆனால் நாங்கள் இரக்கமில்லாத ஆக்களில்லை. ஒரு அக்கா தம்பியைப் பாக்கோணும் எண்டு கேட்டவ. நாங்கள் ஒரு நகரத்தையே அலசினம். தெருத் தெருவாப் பாத்தம். கடைசியா ஒரு இடம் கண்டுபிடிச்சிருக்கிறம். நானே நேரில நிண்டு அனுபவப்பட்ட இடம். இருபத்திநாலு மணித்தியாலமும் வெளிச்சம். மூலைக்கு மூலை கமரா. வாசலில துவக்கோட காவல். அக்கா டுபாய் விமான நிலையத்துக்கு உள்ளுக்கே, பிளேன் மாறுற ஆக்கள் தங்கிற ஹோட்டலில, எங்கட முழு அனுமதியோட தங்கலாம்!”

சபை எழுந்து நின்று தட்டியது. அருமைராசா முறிந்த கையாலும் தட்டப் பார்த்தார்.

பிலோமினம்மா மேடைக்குக் கிட்டப் போனார்.

“அதுக்குள்ள தம்பிய விடுவினமோ?”

“ஒருத்தரையும் விடமாட்டினம் அக்கா. அதுதானே பாதுகாப்பு.”

“அப்ப நான் வெளியில போய்—”

“வெளியில சிவப்பு.”

“அப்ப அவன் என்னை எப்பிடிப் பாக்கிறது?”

தலைவர் இதற்குத் தயாராக இருந்தார். முகமெல்லாம் கருணை.

“எங்கயாவது ஒரு கண்ணாடி இருக்கும் அக்கா. அந்தப் பக்கம் நிண்டு வடிவாப் பாக்கட்டும். கையும் காட்டலாம்.”

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, எல்லோரும் படம் எடுக்கும்வரை பொறுத்திருந்து, கையெழுத்தை வைத்தார். பிலோமினம்மாவுக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள். அது ஒரு தோளிலிருந்து வழுகியது. யாரோ பிடித்து நேராக்கிவிட்டார்கள். கையெழுத்தைக் கண்டதும் ஜென்சி ஓடிவந்து காதுக்குள் சொன்னாள்:

“கையெழுத்து வந்திட்டுதெல்லோ மம்மி. இனி நீங்கள் எங்க நிண்டால் அவைக்கென்ன? நாளைக்கே டிக்கெட் போடுறன். மெட்ரோவடி ஹோட்டல். மாமாவுக்குச் சொல்லுங்கோ.”

பிலோமினம்மாவுக்கு அப்போதுதான் விரல் நுனியில் ஏதோ சூடு பட்டதுபோல இருந்தது. கோட்டுகள் தொங்கும் பக்கமாகப் போய் நின்றார். ஜென்சி போனைக் கையில் தந்து, கையைப் பிடித்து, எவ்வளவு உயரத்தில் வைக்கவேண்டும் என்று காட்டினாள். இந்தமுறை மூக்கு மட்டும் இல்லை. சீவிய தலை, தோடு, பொன்னாடையின் கரை, எல்லாம் அந்தச் சின்னச் சதுரத்துக்குள் வடிவாக இருந்தன. தலைக்குமேல் மண்டபத்து ரியூப் லைட்டுகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

றெனோல்டின் முகம் வந்தது. சவரம் செய்திருந்தான். அவருக்குக் கொஞ்சம் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டு சிரித்தான்.

“தம்பி, வைச்சிட்டினமடா கையெழுத்து! வாற கிழமை வாறன்.”

“உண்மையாவோ? அப்பாடா. மலையாளப் பெடியனிட்டச் சொல்லோணும். பின்னால என்ன சத்தம், கலியாண வீடோ?”

“கூட்டம். எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கினம், பாரன்.”

“பொன்னாடையோ! எங்க, காட்டு பாப்பம்.”

பிலோமினம்மா போனை இன்னும் கொஞ்சம் தூரத்தில் பிடித்தார். பிறகு கிட்டக் கொண்டுவந்தார்.

“என்னக்கா, கமராவை இன்னும் போடேல்லையோ?”